உடலுறுப்பு தானம்: வீட்டில் கதைக்க வேண்டிய ஒரு விடயம்

வன்னியில் சிறுநீரக நோய் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 1990களில் எமக்கு அயலில் உள்ள மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் ஒரு புதுவகைச் சிறுநீரக நோயை வைத்தியர்கள் அவதானித்தார்கள். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத, வயலில் உழைத்து வாழ்ந்த மனிதர்களின் சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் செயலிழந்துகொண்டிருந்தன. அந்த நோய் மாகாண எல்லையோடு நின்றுவிடவில்லை. வவுனியா மாவட்டக் கிராமங்களிலும் முல்லைத்தீவின் வெலிஓயாவிலும் அதற்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். கிணற்று நீரின் தன்மை, வெயிலில் நீரிழந்து செய்யும் வேலை, விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் என்று இன்னும் எதுவும் முடிவாகவில்லை.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவருக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று டயலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பு. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு, கூடவே போகும் ஒருவரின் நாட்கூலி, வயலுக்குப் போக முடியாத நாட்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தையே முடக்கிவிடும். மற்றைய வழி, வேறொருவரின் நல்ல சிறுநீரகத்தைப் பொருத்துவது. அதற்கு ஒரு மனிதர் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் மருந்தைப் போலவோ தொழிற்சாலையில் செய்யும் கருவியைப் போலவோ அது கிடைப்பதில்லை.

அந்த மனிதர் யார்? எமது வீடுகளில் நாம் அதிகம் கதைக்காத கேள்வி இது. மௌத்தைப் பற்றிக் கதைப்பதே சிலருக்கு மனதுக்கு ஒவ்வாது. ஆனால் கதைக்காமலே விட்டால் முடிவெடுக்க வேண்டிய அந்த ஒரு நாளில் குடும்பம் தடுமாறிப் போகும். அதனால், உடலுறுப்பு தானம் என்றால் என்ன, சட்டமும் மார்க்கமும் அதைப் பற்றி என்ன சொல்கின்றன, நாம் செய்யக் கூடியது என்ன என்பவற்றை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

எவற்றைக் கொடுக்கலாம்?

தானம் இரண்டு வகைப்படும். ஒன்று உயிரோடு இருக்கும்போது கொடுப்பது. இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றை, அல்லது ஈரலின் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு சிறுநீரகமே போதுமானது. ஈரலோ வெட்டிய பின் மீண்டும் வளரக் கூடிய உறுப்பு. இரண்டாவது வகை இறந்த பின் கொடுப்பது. இதயம், இரு நுரையீரல்கள், ஈரல், இரு சிறுநீரகங்கள், கணையம், குடல் என்று ஒருவரிடமிருந்து எட்டுப் பேர்வரை உயிர் பெறலாம். இவை தவிர விழிவெண்படலம், தோல், எலும்பு, இதய வால்வு போன்ற இழையங்களும் உதவும். தீக்காயம் பட்டவருக்குத் தோலும், பார்வை மங்கியவருக்கு விழிவெண்படலமும் புது வாழ்வு.

இந்தச் சிகிச்சைக்கு நீண்ட வரலாறு கிடையாது. 1954இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் ஜோசப் மறே ஓர் இரட்டைச் சகோதரரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதே முதல் வெற்றி. 1967இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பார்னார்ட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றினார். எமது நாட்டில் சிறுநீரக மாற்று சிகிச்சை 1985இல் தொடங்கியது. அதன் முன்னோடியாக இருந்தவர் பேராசிரியர் ரிஸ்வி ஷெரீப். எமது சமூகத்தைச் சேர்ந்த ஒரு வைத்தியர் இந்த நாட்டுக்கே திறந்துவிட்ட கதவு அது என்பதை எமது மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். 2017இல் கண்டி வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதய மாற்று சத்திரசிகிச்சை நடந்தது. 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு தேசிய விசேட வைத்தியசாலை திறக்கப்பட்டது. வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் இருக்கின்றன. குறைவாக இருப்பது கொடுப்பவர்கள்தான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மாற்றிய உறுப்பு ஆயுள் முழுதும் உழைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்நிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுதும் மருந்து குடிக்க வேண்டும். அந்த மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொற்றுகளுக்கும் பயப்பட வேண்டும். அப்படியிருந்தும், இயந்திரத்தை விட்டு எழுந்து வீட்டுக்குப் போகும் வாழ்க்கை வேறு வாழ்க்கைதான்.

மூளைச்சாவு என்றால் என்ன?

மக்களுக்கு அதிகம் குழப்பம் தருவது இந்தச் சொல். வீதி விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவரை, அல்லது மூளையில் இரத்தம் கசிந்தவரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்திருப்பார்கள். சிலரின் மூளை, மூளைத்தண்டு உட்பட, மீளவே முடியாதபடி செத்துவிடும். ஆனால் கருவி காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பதால் இதயம் சிறிது காலம் துடிக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். கை சூடாக இருக்கும். பெற்ற தாய்க்கு அது உயிராகவே தெரியும். ஆனால் கருவியை நிறுத்தினால் அந்த உடல் ஒரு மூச்சைக் கூடத் தானாக எடுக்காது.

கோமா என்பது இதுவல்ல. கோமாவில் மூளை உயிரோடு இருக்கிறது. அவர் தானாக மூச்சு விடலாம், ஒருநாள் கண் விழிக்கலாம். மூளைச்சாவில் அந்த வாய்ப்பு அறவே இல்லை. அதனால்தான் இதனை உறுதிப்படுத்த வைத்தியர்கள் பல பரிசோதனைகளைச் செய்கிறார்கள். வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குகிறதா, கண்ணைத் தொட்டால் இமை அசைகிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா, கருவியை விலக்கினால் மூச்சு வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஒருமுறை பார்த்ததோடு விடாமல் மீண்டும் பார்ப்பார்கள். மரணத்தை அறிவிக்கும் வைத்தியர்கள் வேறு, உறுப்பை மாற்றும் குழு வேறு. 'தானத்துக்குக் கையெழுத்து வைத்தால் வைத்தியர்கள் காப்பாற்ற முயற்சிக்க மாட்டார்கள்' என்ற பயத்துக்கு இந்தப் பிரிவே பதில்.

அதன் பிறகு நேரம்தான் முக்கியம். எடுத்த இதயத்தை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் பொருத்திவிட வேண்டும். ஈரல் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும். விழிவெண்படலத்தை மரணித்துச் சில மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் பிறகு பல நாட்கள் பாதுகாத்து வைக்கலாம். அதை இதயம் நின்ற பிறகும், வீட்டில் மௌத்தானவரிடமிருந்தும் எடுக்க முடியும். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். குடும்பம் முடிவெடுக்கத் தாமதித்தால் வீதியில் கழியும் மணித்தியாலங்களே ஓர் உறுப்பை வீணாக்கிவிடும்.

சென்னையின் பதினொரு நிமிடங்கள்

தமிழ் பேசும் மக்களிடையே உறுப்பு தானத்தை வீட்டுப் பேச்சாக்கியது 2008 செப்டெம்பரில் நடந்த ஒரு சம்பவம். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி மூளைச்சாவடைந்தான். தாயும் தகப்பனும் வைத்தியர்கள். மகன் திரும்பி வரமாட்டான் என்பது அவர்களுக்கு யாரையும்விட நன்றாகத் தெரியும். அவனுடைய உறுப்புகளைக் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள். சன நெரிசல் மிகுந்த சென்னை வீதிகளைப் பொலிஸார் ஒழுங்குபடுத்திக் கொடுக்க, அவனது இதயம் பதினொரு நிமிடத்தில் நகரின் மறுபக்க வைத்தியசாலையைச் சென்றடைந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. பின்னாளில் வந்த 'சென்னையில் ஒரு நாள்' திரைப்படத்தின் கதையை இந்தச் சம்பவத்தோடு சேர்த்தே பலர் நினைவுகூர்வார்கள்.

அந்தச் செய்தி தமிழ்நாட்டின் மனதை அசைத்தது. அதே ஆண்டில் அரசு இறந்தவர்களின் உறுப்பு தானத்துக்கான ஒழுங்குவிதிகளை வகுத்தது. பிறகு அதற்கென ஓர் ஆணையமும் உருவானது. யாருக்கு உறுப்பு தேவை என்ற பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், பணக்காரர் வரிசையை மீறக் கூடாது என்பதே அதன் அடிப்படை. தானம் செய்தவர்களின் இறுதிக் கிரியை அரச மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஒரு குடும்பத்தின் முடிவு ஒரு மாநிலத்தின் பழக்கத்தையே மாற்றியது என்பதற்கு இது சாட்சி.

இலங்கை கொடுத்த கண்கள்

கொடுப்பதில் எமது நாட்டுக்கு உலகில் ஒரு பெயர் உண்டு. 1950களின் இறுதியில் ஹட்சன் சில்வா என்ற வைத்தியர், இறந்த பின் கண்களைத் தானம் செய்யுமாறு பத்திரிகை மூலம் நாட்டு மக்களிடம் கேட்டார். 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் ஆரம்பமானது. 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்கள் அனுப்பப்பட்டன. அதன் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இலங்கையிலிருந்து கண்கள் போயிருக்கின்றன. 1996இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் கண்ணும் அவர் விருப்பப்படி ஜப்பானுக்குச் சென்றது. முன்பிறவியில் கண்களைத் தானம் செய்த சிவி மன்னனின் ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த பௌத்த மக்களுக்கு இந்த அழைப்பு எளிதில் விளங்கியது. தமிழர்கள் சிபிச் சக்கரவர்த்தி என்று அறிந்திருப்பதும் அந்தப் பெயரைத்தான்.

இதில் நாம் நின்று யோசிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இந்தக் கண்களை மிக அதிகமாகப் பெற்ற நாடுகளில் ஒன்று பாகிஸ்தான். எகிப்துக்கும் போயிருக்கின்றன. அங்குள்ள ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் இலங்கைப் பௌத்தர் ஒருவரின் கண்ணால் குர்ஆனைப் பார்த்து ஓதுகிறார்கள். எமது ஊர்களிலும் எமக்கு இரத்தமோ உறுப்போ தேவைப்படும்போது, கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பெறுவது எமக்கு ஆகுமென்றால், கொடுப்பதைப் பற்றி மட்டும் ஏன் கதைக்கவே தயங்குகிறோம்?

மார்க்கத்தின் பார்வை

இந்தத் தயக்கத்தின் வேர் மார்க்கப் பற்றுதான். அதை இலேசாகத் தட்டிவிடக் கூடாது. உடல் எமக்குச் சொந்தமல்ல, அது அல்லாஹ் தந்த அமானிதம். இறந்தவரின் எலும்பை முறிப்பதைக் கண்டிக்கும் நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மையித்துக்குக் கண்ணியம் உண்டு. இந்த ஆதாரங்களை வைத்து உறுப்பு தானம் கூடாது என்று சொன்ன பெரும் அறிஞர்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தானின் முப்தி முஹம்மத் ஷபி அவர்களில் ஒருவர். 1989இல் இந்தியாவின் இஸ்லாமிய பிக்ஹ் அகடமி கூடியபோது, உயிருடன் இருப்பவர் நிபந்தனைகளோடு கொடுப்பதை ஏற்றுக்கொண்டது, இறந்த பின் கொடுக்க வஸிய்யத் செய்வதை ஏற்கவில்லை.

மறுபக்கத்தில் அனுமதித்த சபைகளும் பெரியவையே. 1982இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை அனுமதி அளித்தது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நிபுணத்துவ வைத்தியர்கள் உறுதிப்படுத்திய மூளைச்சாவை மரணமாகக் கொள்ளலாம் என்று தீர்மானித்தது. 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் நடந்த அதன் நான்காவது அமர்வு, இறந்தவரின் உறுப்பைக் கொண்டு உயிரைக் காப்பதையோ அடிப்படைத் தொழிற்பாடு ஒன்றை மீட்பதையோ ஆகுமாக்கியது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. இறந்தவர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். விற்பனை அறவே கூடாது. உயிரோடிருப்பவர் தன் உயிருக்கே ஆபத்தான உறுப்பைக் கொடுக்கக் கூடாது. பரம்பரைத் தன்மையைக் கடத்தும் இனப்பெருக்கச் சுரப்பிகளை மாற்றக் கூடாது என்று அதே அகடமி பின்னர் தெளிவுபடுத்தியது.

அனுமதித்தவர்களின் வாதம் இரண்டு தூண்களில் நிற்கிறது. ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்கு சூறா அல்மாயிதாவின் 32ஆம் வசனம் கொடுக்கும் மாபெரும் மதிப்பு ஒன்று. நிர்ப்பந்தம் வரும்போது தடுக்கப்பட்டதும் தளர்த்தப்படும் என்ற சட்ட விதி மற்றையது. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பழைய நூல்களிலேயே முறிந்த எலும்பை வேறோர் எலும்பால் பொருத்துவது பற்றிய விவாதம் இருக்கிறது. எனவே இது நேற்று முளைத்த கேள்வியும் அல்ல. 2021 மே மாதத்தில் சவூதி மன்னர் சல்மானும் முடிக்குரிய இளவரசரும் தங்களை உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்தார்கள்.

'ஓர் உறுப்பு இல்லாமல் மறுமையில் எப்படி எழுப்பப்படுவோம்?' என்று மூத்த பெண்கள் கேட்பதுண்டு. மண்ணோடு மண்ணாகிப் போன எலும்புகளையும் விரல் நுனிகளையும் ஒன்று சேர்க்க அல்லாஹ் ஆற்றலுடையவன் என்பதை சூறா அல்கியாமா நினைவூட்டுகிறது. கடலில் மூழ்கியவரும் நெருப்பில் எரிந்தவரும் எழுப்பப்படுவார்கள் என்று நம்பும் நாம், ஒரு சிறுநீரகம் குறைந்ததற்காக அஞ்சத் தேவையில்லை.

ஆகவே இது அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுள்ள விடயம். அனுமதித்த தீர்ப்பில் மனம் அமைதி காண்பவர் தானம் செய்யலாம். தடுத்த தீர்ப்பில் நிற்பவரைக் கஞ்சர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. தெளிவு வேண்டுபவர் நம்பிக்கைக்குரிய ஆலிம் ஒருவரிடம் கேட்க வேண்டும். கேட்காமலே 'ஹராம்' என்று முடித்துவிடுவதுதான் தவறு.

ஜனாஸா பற்றிய பயம்

எமது மக்களிடம் இன்னொரு பயமும் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதிவரை, எமது ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பின்னர்தான் ஓட்டமாவடியில் அடக்க இடம் கிடைத்தது. பச்சிளம் குழந்தையின் உடலைக் கூடக் கையில் பெற முடியாமல் நின்ற பெற்றோரை இந்த நாடு கண்டது. மையித்து எமது கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அந்த நாட்களில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அது நியாயமான பயமே.

ஆனால் உறுப்பு தானத்தில் நடப்பது வேறு. இங்கே எல்லாம் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் தொடங்குகிறது. உறுப்பை எடுப்பது சத்திரசிகிச்சைக் கூடத்தில், உயிருள்ளவருக்குச் செய்வது போன்ற கவனத்தோடு நடக்கும். முடிந்ததும் தையலிட்டு மூடி, உடலைக் குடும்பத்திடமே ஒப்படைப்பார்கள். குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவித்து நல்லடக்கம் செய்யலாம். கண்தானத்தில் முகத்தில் மாற்றம் தெரியாதபடி இமைகளை மூடிவிடுவார்கள். விபத்தில் மௌத்தானவர் என்றால் தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் நடக்கத்தான் செய்யும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு மாணவியின் முடிவு

2023 ஜனவரியில் பங்களாதேஷின் டாக்காவில் சாரா இஸ்லாம் என்ற இருபது வயது மாணவி மௌத்தானாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு ஓர் அரிய பரம்பரை நோய் இருப்பது தெரிந்திருந்தது. மூளையிலும் பிற உறுப்புகளிலும் கட்டிகளை உண்டாக்கும் நோய் அது. அதோடு போராடிக்கொண்டே படித்தாள், ஓவியக் கலை கற்றாள். தான் இறந்தால் தன் உறுப்புகளைக் கொடுத்துவிடும்படி தாயிடம் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தாள். மூளைச்சாவு உறுதியானபோது ஆசிரியையான அந்தத் தாய் மகளின் சொல்லை நிறைவேற்றினார்.

சாராவின் இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு பெண்களுக்குப் பொருத்தப்பட்டன. இரண்டு விழிவெண்படலங்கள் இன்னும் இருவருக்குப் போயின. இறந்தவரின் சிறுநீரகத்தை மாற்றிய சிகிச்சை பங்களாதேஷில் அதுவே முதல் தடவை. சட்டமும் வைத்தியர்களும் இருந்த அந்த நாடு காத்துக்கொண்டிருந்தது சம்மதிக்கும் ஒரு குடும்பத்துக்காக. பெரும்பான்மை முஸ்லிம்கள் வாழும் ஒரு தேசத்தில் அந்த முதலடியை வைத்தவள் உங்களைவிடச் சில வயதே மூத்த ஒரு முஸ்லிம் மாணவி. அவள் செய்த பெரிய காரியம், நேரத்தோடு உம்மாவிடம் சொல்லி வைத்ததுதான். சொல்லாமல் விட்டிருந்தால் அந்த இரவில் தாயால் எதை நிச்சயமாக முடிவெடுத்திருக்க முடியும்?

பெண்களுக்கு இதில் என்ன?

உலகின் பல நாடுகளில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய், தம்பிக்கு ராத்தா என்று கொடுக்கிறார்கள். அன்பினால் கொடுப்பது உயர்ந்த செயல். ஆனால் 'நீதானே கொடுக்க வேண்டும்' என்று குடும்பம் எதிர்பார்த்து நிற்கும்போது மறுக்கும் சுதந்திரம் உண்மையில் அவளுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுக்க முன்வருபவர்களை வைத்தியர்கள் தனியாக அழைத்துக் கதைப்பது இதற்காகத்தான். வற்புறுத்திப் பெறும் சம்மதம் மார்க்கத்திலும் சட்டத்திலும் சம்மதமாகாது.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புகள் கூடினால் உயிரோடிருக்கும் தாய்மார் மீது விழும் இந்தப் பாரம் குறையும். ஏழைகள் மீது விழும் பாரமும் குறையும். தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் வியாபாரி வருவான். கடனில் மூழ்கியவனிடம் சிறுநீரகத்துக்கு விலை பேசும் கூட்டம் தெற்காசியாவெங்கும் இருந்திருக்கிறது. 2016இல் இந்தியாவில் பிடிபட்ட அத்தகைய ஒரு கும்பலின் தொடர்பு இலங்கை வரை நீண்டது. அதன் பின் வெளிநாட்டவருக்கான சிறுநீரக மாற்றை அரசு நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. யாராவது பணத்துக்குச் சிறுநீரகம் கேட்டால் அது குற்றம் என்பதை எமது வீடுகளில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் பதிவும்

இலங்கையில் இதற்கென 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்களை மாற்றீடு செய்தல் சட்டம் இருக்கிறது. வயது வந்த ஒருவர் தன் மரணத்துக்குப் பின் உடலையோ உறுப்புகளையோ கொடுக்க எழுத்து மூலம் சம்மதம் தெரிவிக்க அது வழி செய்கிறது. மூளைச்சாவைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது.

தானம் செய்ய விரும்பும் பெரியவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் விசாரித்து உரிய படிவத்தைப் பெற்று நிரப்பலாம். கண்களை மட்டும் கொடுக்க விரும்புவோர் இலங்கைக் கண்தானச் சங்கத்தின் படிவத்தை நிரப்பலாம். எதைக் கொடுக்க விருப்பம், எதைக் கொடுக்க விருப்பமில்லை என்பதையும் குறிப்பிட்டுச் சொல்லலாம். தான அட்டை இருந்தால் அதை அடையாள அட்டையோடு வைத்திருப்பது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம் வீட்டாரிடம் சொல்லி வைப்பது. படிவம் அலுமாரிக்குள் இருக்க, வைத்தியர்கள் வந்து கேட்பது குடும்பத்திடம்தான். 'வாப்பா இதைத்தான் விரும்பினார்' என்று பிள்ளைகள் அறிந்திருந்தால் அந்தக் கனத்த நேரத்தில் தீர்மானம் இலகுவாகும்.

மாணவிகள் இப்போது பதிவு செய்ய முடியாது. ஆனால் கேட்கலாம், அறியலாம், வீட்டில் கதைக்கலாம். பதினெட்டு வயதானதும் இரத்த தானத்தோடு தொடங்கலாம். 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கப் பணம் பெறாத தொண்டர்களின் இரத்தத்தில் இயங்குகிறது. கொடுக்கும் பழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பிறரைத் தூண்டும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். மையித்து வீட்டில் இதை எடுத்துப் பேசக் கூடாது. நோயாளியின் உறவினரைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்கக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை பெற்றோர் சங்கமும் சேர்ந்து ஓர் ஆலிமையும் ஒரு வைத்தியரையும் ஒரே மேடையில் அமர்த்திக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்தால், நூறு துண்டுப்பிரசுரங்களைவிட அது பயன் தரும். பெண்கள் வெட்கமின்றிக் கேட்கத் தனியாக ஓர் அமர்வும் வேண்டும்.

உறுப்பு தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதும் இதன் பங்குதான். நீரிழிவையும் குருதியமுக்கத்தையும் கட்டுப்படுத்துவது, வயலில் வேலை செய்வோர் போதிய நீர் குடிப்பது, வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் விழுங்காமல் இருப்பது, சிறுநீரகப் பரிசோதனை முகாம் வந்தால் தவறாமல் போவது ஆகியவை எல்லாம் எமது கையில் உள்ளவை. மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் அணிவதும் அப்படித்தான். ஒரு பிள்ளையின் உறுப்பைத் தானமாகப் பெறுவதைவிட அந்தப் பிள்ளை வீடு வந்து சேர்வதே எல்லோருக்கும் சந்தோசம்.

அன்பான பெற்றோரே, இந்த இதழை உங்கள் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து இதைப் பற்றிக் கேட்டால், 'இதெல்லாம் இப்ப எதுக்கு' என்று தடுத்துவிடாதீர்கள். உங்கள் விருப்பம் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அவளுக்குச் சொல்லுங்கள். மரணித்த பின்னும் நன்மை சேர்ந்துகொண்டிருக்கும் ஸதகத்துல் ஜாரியாவைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கிறோம். கிணறு வெட்டுகிறோம், பள்ளிவாசலுக்குக் காணி எழுதிக் கொடுக்கிறோம். இதுவும் அந்த வரிசையில் சேருமென்று எமது உள்ளம் சொன்னால், அதை இன்றே வீட்டாரிடம் சொல்லி வைப்போம். டயலிசிஸ் கதிரையில் சாய்ந்து காத்திருக்கும் எமது அயலவர்கள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.